துண்டுத் துணிக்கு வெட்டும் முன்பே கஞ்சி

ஒட்டுப் போர்வைக்கோ, பரிசாகக் கொடுக்கும் சின்னப் பைக்கோ எடுத்து வைத்த பருத்தித் துண்டுகளை, வெட்டுவதற்கு முன்னாலேயே, வடிகட்டிய சோற்றுக் கஞ்சியில் தண்ணீர் கலந்து நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணிவிடுங்கள். சாயம் போகிற பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயம் போட்ட துணி) துண்டை மட்டும் தனியாக.

பழைய வாயில் சேலை, கைலி மாதிரி மெல்லிய துணியை மூலைவாட்டில் வெட்டினால் ஓரம் இழுபட்டு, 4 அங்குலச் சதுரம் நாலேகால் ஆகிவிடும், அப்புறம் எந்த மூலையும் எதோடும் சேராது. கஞ்சி இழைகளைப் பிடித்துக்கொள்வதால் துணி காகிதம் போல நிற்கும், நூலும் அவ்வளவாகப் பிரியாது. தைத்து முடித்து அலசினால் கஞ்சி போய்விடும்.

பட்டு, ஜார்ஜெட், பாலியெஸ்டருக்கு இது வேண்டாம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் தையல்கடையில் அள்ளி வரும் பஞ்சாபி சூட் துண்டு என்ன துணி என்று தெரியாவிட்டால், ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள், உருகி உருண்டை கட்டினால் பாலியெஸ்டர் மாதிரிச் செயற்கைத் துணி. இன்னொன்று, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கஞ்சி போட்ட துணியை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் அரிக்கும். இந்த வாரம் தைக்கப்போவதை மட்டும் நனையுங்கள்.