ஆறாம் மாதச் சோர்வு: எடைக் குறைப்பின் நடுவழியில் செய்யக் கூடாதவை

உடம்பைக் குறைக்கத் தொடங்கும் முதல் மாதத்தில் யாருக்கும் புத்திமதி தேவைப்படாது. செக்கப் ரிப்போர்ட்டைப் பார்த்த பயம் இருக்கும், புது ஷூ இருக்கும், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கத் துணைக்கு ஆளும் இருக்கும். வாரத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று முள் இறங்கிக்கொண்டே வரும். சிக்கல் ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான். முள் நின்றுவிடும். துணைக்கு வந்தவர் அதற்கு முன்பே நின்றிருப்பார். கேழ்வரகு தோசையைப் பார்த்தாலே வீட்டில் எல்லாருக்கும் சலிப்பு தட்டும். "எனக்கு மன உறுதி பத்தாது" என்று அப்போது நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோமே, அதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் இரண்டு வாரத்தில் சடசடவென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு கொழுப்பே இல்லை. கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு ஒரு கிராம் கரைந்தால், அதோடு ஒட்டியிருக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் போகும். சோற்றைக் குறைத்த உடனே இது நடக்கிறது. அந்த வேகத்தையே மனதில் வைத்துக்கொண்டால், பிறகு மாதம் ஒரு கிலோ கொழுப்பு நிஜமாகவே குறையும்போதும் தோற்றுவிட்டதாகத்தான் தோன்றும்.

அடுத்து, 95 கிலோவோடு தெப்பக்குளத்தை ஒரு சுற்று வரச் செலவான சக்தி, 83 கிலோவோடு வரும்போது செலவாகாது. சுமக்கிற பாரம் 12 கிலோ குறைந்துவிட்டதே! அதனால் முதல் மாதம் எடையை இறக்கிய அதே சாப்பாடு ஆறாம் மாதம் எடையை அப்படியே நிறுத்திவைக்கும். இது போதாதென்று, வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்குவது மாதிரி உடம்பும் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகவேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த கெவின் ஹாலின் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெரும்பாலானோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஆனாலும் அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தீவிரமாகக் குறைத்தவர்களின் கணக்கு அது. நிதானமாகக் குறைக்கிறவர்களுக்கு இவ்வளவு இருக்க வேண்டியதில்லை. ஆனால் திசை அதுதான்.

இன்னும் குறைத்தால்?

முள் நின்றதும் கை தானாக இரவுச் சாப்பாட்டை வெட்டப் போகும். இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோர், படுக்கை. சோர்வுக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். விரும்பி வந்த வாலிபர்கள். போகப்போக எரிச்சல், மந்தம், எதிலும் நாட்டமின்மை; எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு; சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களை வாங்கிச் சேர்க்கும் அளவுக்குப் போனார்கள். அவர்களிடம் மன உறுதிக்கு என்ன குறை? பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே "உற்சாகமே வரலை" என்கிறவர் வீடியோ தேடுவதற்கு முன்னால், நேற்று என்ன சாப்பிட்டோம் என்று எழுதிப் பார்ப்பது நல்லது.

எழுதிப் பார்த்தால் நம் ஊர்த் தட்டில் புரதம் எவ்வளவு குறைவு என்பது தெரியும். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல், இரவு மறுபடி தோசை. புரதம் பத்தாமல் அளவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பு எரிப்பது இன்னும் குறையும், பசியும் அடங்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அவித்த சுண்டல், பாசிப்பயறு, தயிர், வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு இவையெல்லாம் டப்பாவில் விற்கும் பவுடரைவிட மலிவு. கூடவே வாரம் இரண்டு நாளாவது கை கால்களுக்கு வலுவேற்றும் பயிற்சி. ஜிம்தான் என்றில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம்.

"திங்கக்கிழமைல இருந்து"

மதுரைப் பக்கம் இந்தத் தவறுக்குத் தனி நாள்காட்டியே இருக்கிறது. சித்திரைத் திருவிழா முடியட்டும். அது முடிந்தால் வைகாசிக் கல்யாணங்கள். பிறகு ஆடியில் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. மறுநாளே தீபாவளி வந்து நிற்கும். நல்ல நேரம் பார்த்துத் தொடங்க நினைப்பவருக்கு இந்த ஊரில் மாதத்துக்கு நாலு நாள்கூடத் தேறாது.

கெடா விருந்தில் ஒரு நேரம் அதிகம் சாப்பிட்டதில் என்ன கெட்டுவிடும்? வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி கணக்கு. ஆக, கூடினால் 200 கிராம். மறுநாள் காலையில் மிஷின் ஒன்றரைக் கிலோ ஏற்றிக் காட்டுகிறதே என்றால், அது உப்பும் சோறும் பிடித்துவைத்த தண்ணீர், வயிற்றில் இன்னும் கிடக்கும் சாப்பாடு. நாலு நாளில் இறங்கிவிடும். கெடுப்பது விருந்து இல்லை. "எல்லாம் போச்சு, இனி அடுத்த திங்கள்தான்" என்று நடுவில் விட்ட ஐந்து நாளும் இரவு பரோட்டா சால்னாவில் போகிறதே, அதுதான் கெடுக்கிறது. விருந்துக்கு அடுத்த வேளையே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். பட்டினி கிடந்து பரிகாரம் தேட வேண்டாம்.

பந்தியில் வேறொரு தொல்லை உண்டு. "என்னப்பா, ஒரேடியா இளைச்சுட்ட, சுகர் வந்துருச்சா?" என்று யாராவது ஓர் அத்தை கேட்பார். பத்துக் கிலோ குறைத்தவரை ஒரே கேள்வியில் உட்காரவைத்துவிடும் இது. அதற்கு முகம் சுளித்துச் சண்டைக்குப் போவதோ, இனி விசேஷத்துக்கே வரமாட்டேன் என்பதோ இரண்டுமே வீண். "சுகர் வரக் கூடாதுன்னுதான் அத்தை நடக்குறேன்" என்றால் பேச்சு முடிந்தது. இலையில் மறுசோறு விழும் முன்பே "சோறு போதும் மதினி, கறி மட்டும் வைங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் பரிமாறிய திருப்தி.

முள்ளை மட்டும் நம்பாமல்

எடை மிஷினைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது ஏறாமல் காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். தவறு, ஒரு நாள் எண்ணை வைத்து அன்றைய மனநிலையைத் தீர்மானிப்பது. மாதவிலக்கை ஒட்டிப் பெண்களுக்கு நீர் கோத்து எடை ஏறும். அதைக் கொழுப்பென்று எண்ணி அழ வேண்டியதில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதி, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவு. இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது வரம்பு. முள் அசையாத மாதத்திலும் டேப் இறங்குவதுண்டு.

முள்ளே எல்லாம் இல்லை என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. நின்ற முள்ளைப் பார்த்து நடையை நிறுத்துகிறவர் எதைக் கைவிடுகிறார் என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

மறுபடி தொடங்குகிறவர் பழைய ஒரு மணி நேர நடையிலேயே தொடங்கப் பார்ப்பார். அதுவும் ஏப்ரல் மே வெயிலில், ஏழரை மணிக்கு எழுந்து. மூன்றாம் நாள் முடியாது. பத்து நிமிடம் போதும், ஆனால் அதே நேரத்தில், சூரியன் ஏறும் முன்பு. பழக்கம் ஊறுவதற்கு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்றில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பில்லை என்பதையும் அதிலேயே கண்டார்கள். தெப்பக்குளம் சலித்துவிட்டதா, ஞாயிறுகளில் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளோ திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையோ இருக்கிறது. ஒரு மாதம் குறைக்கவே முயலாமல், இருக்கிற எடையை ஏறாமல் காப்பதை மட்டும் இலக்காக வைத்துப் பார்க்கலாம். அதுவும் பயிற்சிதான், கடைசிவரை தேவைப்படப்போகும் பயிற்சி.

எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று மாதமாக அசைவில்லை என்றால் மூலிகைப் பொடிக்காரரிடம் போவதற்குப் பதில் டாக்டரிடம் போங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தூக்கக் குறைவு, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் என எடையை இறங்கவிடாத காரணங்கள் பல. நடை மட்டுமின்றி பேச்சு, வேலை, பிடித்த எதிலும் நாட்டம் போய் வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் சொல்ல வேண்டும். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இன்னொன்று: சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எடை குறையக் குறைய அளவை மாற்றிக்கொள்ள வேண்டிவரலாம். 95 கிலோவில் எழுதிக்கொடுத்த மாத்திரையை 83-லும் அப்படியே விழுங்கிவிட்டு, காலை நடையில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மருந்துச் சீட்டோடு எடைக் குறிப்பையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.