34 வயதில் மறுபடியும் அம்மா வீட்டில்

2022 இல் விலைவாசி ஏறியபோது கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த அறையின் வாடகையே என் சம்பளத்தில் பாதியைத் தின்றது. 34 வயதில் பெட்டியோடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள அம்மா வீட்டுக்குத் திரும்பினேன்.

முதல் மாதம் முழுக்கச் சண்டைதான். இரவு ஒன்பது தாண்டினால் அம்மா படலையடியில் நிற்பார். சரி, செலவுக்கு உதவுவோம் என்று காசு நீட்டினால், "பிள்ளையிட்ட காசு வாங்கிச் சாப்பிடுற நிலைமையோ எங்களுக்கு?" என்று முகத்தைத் திருப்புவார்.

காசைக் கையில் கொடுப்பதை விட்டேன். கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டினேன். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் மாற்றுவதும், சனிக்கிழமை பக்கத்து ஊரான திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதும் என் வேலையாயின. (முதல் நாள் முற்றல் முருங்கைக்காய் வாங்கி நல்ல ஏச்சு வாங்கினேன்.) பிந்துவதென்றால் ஆறு மணிக்கே அப்பாவுக்கு அழைத்து, "சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லுங்கோ" என்பேன். அம்மாவுக்கு அழைத்தால் கேள்வி நீளும்.

அறைக்கதவுக்குத்தான் தீர்வில்லை. பூட்டினால், "ஏன், சுகமில்லையோ?" அதனால் மடிக்கணினியோடு விறாந்தைக்கு மாறிவிட்டேன். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். பெரும்பாலும்.