டிஸ்க் கோல்ஃப் பையில் எதை வைப்பது, எதை வீட்டில் விடுவது

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் முடிந்தவரை குறைந்த எறிகளில் விழச் செய்யும் ஆட்டம். பதினெட்டு, இருபது டிஸ்க்கைப் பையில் அடைத்துக்கொண்டு ஆடப் போகிறவர்களைக் கவனித்தால், ஒரு சுற்றில் அவர்கள் கையில் எடுப்பது ஆறேழுதான். ஒரு டிஸ்க் ஏறக்குறைய 175 கிராம். இருபது என்றால் மூன்றரைக் கிலோ. தண்ணீரும் துண்டும் மழைக்கோட்டும் அதற்கு மேல். சுமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டீயில், அதாவது முதல் எறியை எறியும் இடத்தில், நின்று இதையா அதையா என்று தடுமாறி, அரைமனதோடு எறிவதுதான் ஸ்கோரைக் கெடுக்கும்.

பையில் இருக்கும் வேறு எந்த டிஸ்க்கும் செய்ய முடியாத வேலையைச் செய்தால்தான் ஒரு டிஸ்க்குக்கு அங்கே இடம். வேகம், விலை, யார் அதை எறிகிறார் என்பதெல்லாம் அப்புறம்.

கீழே வருவது பின்லாந்து, சுவீடன் பக்கத்துக் காட்டுத் தடங்களை மனத்தில் வைத்து எழுதியது. பைனும் பிர்ச்சும் இருபக்கமும் நெருக்கும் பாதை, பெரும்பாலும் 60 முதல் 100 மீட்டர் வரையிலான பார் 3 குழிகள் (டீயிலிருந்து கூடை வரை ஒரு குழி; மூன்று எறியில் முடிக்க வேண்டியது பார் 3). திசைகள் வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, எறிகிறவருக்கானவை. இடது கைக்காரர்களும், ஃபோர்ஹேண்ட் (கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னால் வீசி) எறிகிறவர்களும் இடத்தை வலமாக மாற்றிப் படிக்கவும்.

நான்கு எண்கள்

1983இல் டேவ் டனிபேஸ் வடிவமைத்த, விளிம்பு சரிவாகச் சீவிய ஈகிள் டிஸ்க்கை இன்னோவா நிறுவனம் கொண்டுவரும் வரை, இந்த ஆட்டத்துக்கு மழுங்கிய விளிம்புள்ள ஃபிரிஸ்பீதான் கருவி. விளிம்பு கூர்மையானதும் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒவ்வொரு மாதிரிப் பறக்கத் தொடங்கியது. அந்த வேறுபாட்டைத்தான் டிஸ்க்கின் மேல் அச்சிட்ட ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட் என்ற நான்கு எண்கள் சொல்கின்றன.

ஸ்பீட் என்பது டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்ற உறுதிமொழி இல்லை. அது ஒழுங்காகப் பறக்க உங்கள் கை எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. கிளைட் காற்றில் மிதக்கும் தன்மை. டர்ன், வேகமாகப் பறக்கும் முதல் பாதியில் வலப்பக்கம் திரும்பும் அளவு. -3 என்றால் நன்றாகத் திரும்பும், 0 என்றால் அசையாது. ஃபேட், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் விழும் அளவு. டர்ன் அதிகமாகவும் ஃபேட் குறைவாகவும் இருந்தால் அண்டர்ஸ்டேபிள். டர்ன் இல்லாமல் ஃபேட் மட்டும் பெரிதாக இருந்தால் ஓவர்ஸ்டேபிள்.

இந்த எண்களைத் தயாரிப்பாளர்களே போட்டுக்கொள்கிறார்கள். போட்டிக்கு ஏற்றதா என்று டிஸ்க்கைச் சோதிக்கும் பிடிஜிஏ அமைப்பு அளவு, எடை, விளிம்பு, வளையும் தன்மை ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. பறக்கும் எண்களில் தலையிடுவதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 7ஐ இன்னொரு நிறுவனத்தின் 7ஓடு அப்படியே ஒப்பிட்டு வாங்காதீர்கள்.

புட்டரிலிருந்து மேலே

பையைக் கீழிருந்து மேலே கட்டுங்கள்: கூடைக்கு எறியும் மெதுவான புட்டரில் தொடங்கி, நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச், பிறகு நெடுந்தூரத்துக்கான டிரைவர். கடைக்குப் போகிறவர்கள் செய்வது தலைகீழ். முதலில் ஸ்பீட் 12, 13 டிரைவர்; மிச்சக் காசில் ஒரு புட்டர்.

புட்டர் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாடலில். இன்னோவா ஏவியார் (2/3/0/1, மேலே சொன்ன நான்கு எண்கள் அதே வரிசையில்) போல நேராகப் போகிற எதுவானாலும் சரி. ஒன்றை மலிவான அடிப்படை பிளாஸ்டிக்கில் வாங்கிக் கூடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு விரலிலும் பிடிக்கும், சங்கிலியிலும் பிடிக்கும். இன்னொன்றை உயர்தரப் பிளாஸ்டிக்கில் வாங்கி, டீயிலிருந்தும், கூடையருகே கொண்டுசேர்க்கும் 40, 50 மீட்டர் அப்ரோச்சுக்கும் எறியுங்கள். ஒரே டிஸ்க்கை இரண்டு வேலைக்கும் வைத்தால், மரத்தில் மோதி மோதி விளிம்பு நசுங்கி, நாலைந்து மாதத்தில் கூடைக்குப் போகும் பாதையும் மாறிவிடும். கை பழகியது ஒரு டிஸ்க்குக்கு, கையில் இருப்பது வேறொன்று என்றாகும்.

வாங்குவதற்கு முன் விளிம்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் மெல்லிய வளையம்போல ஒரு மேடு இருக்கும், சிலவற்றில் வழவழப்பாக இருக்கும். இரண்டும் கூடைக்குப் போகும். விரல் எதை உடனே ஏற்றுக்கொள்கிறதோ அதுதான் உங்களுடையது. இதை இணையத்தில் படித்து முடிவு செய்ய முடியாது.

அடுத்து ஒரு மிட்ரேஞ்ச். டிஸ்கிராஃப்ட் பஸ் (5/4/-1/1) அல்லது இன்னோவா மாகோ3 (5/5/0/0). பையிலேயே அதிகம் உழைக்கப் போவது இதுதான், எனவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். விட்ட கோணத்தில் அப்படியே போகிற டிஸ்க் இது. இடப்பக்கம் சாய்த்து விட்டால் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்த்து விட்டால் வலப்பக்கம். நேராக வரவில்லை என்றால் தப்பு கையில்தான். பழகுகிறவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும் டிஸ்க்கைவிட நல்லது எது?

பிறகு அண்டர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவர், அதாவது அதிக வேகம் கேட்காத டிரைவர், ஒன்று. லெபர்ட் (6/5/-2/1) பலருக்கும் பொருந்தும். நடுத்தர வேகக் கைக்கும் முழுப் பாதையும் பறந்து காட்டும்: சற்றே இடச்சாய்வில் விட்டால் நிமிர்ந்து, நேராக ஓடி, கடைசியில் லேசாக இடப்பக்கம் இறங்கும்.

கடைசியாக ஒரு ஓவர்ஸ்டேபிள். எதிர்க்காற்றுக்கும், இடப்பக்கம் முறியும் பாதைக்கும், புதருக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஃபோர்ஹேண்டில் வெளியேறவும் இதுதான். எல்லோரும் ஃபயர்பேர்டை (9/3/0/4) சொல்வார்கள். 80 மீட்டரைத் தாண்டாத கையில் அது 50 மீட்டர் போய் இடப்பக்கம் குப்புற விழும். அந்தக் கட்டத்தில் ஸோன் (4/3/0/3) போன்ற ஓவர்ஸ்டேபிள் அப்ரோச் டிஸ்க்கே போதும், வேலையும் அதிகம் செய்யும்.

ஆக ஐந்து. முதல் ஆண்டு முழுக்க இந்த ஐந்தோடு ஆடலாம்.

டிஸ்டன்ஸ் டிரைவர் எப்போது

டிஸ்டன்ஸ் டிரைவர் என்பது மிக அதிக வேகம் கேட்கும் நெடுந்தூர டிஸ்க். அந்த வகையைச் சேர்ந்த டெஸ்ட்ராயரின் (12/5/-1/3) விளிம்பு 2.2 செ.மீ. அகலம், பிடிஜிஏ அனுமதிக்கும் உச்சமே 2.6தான். அகல விளிம்பு டிஸ்க் அதற்குரிய வேகத்தை எட்டாவிட்டால், அச்சிட்ட -1 டர்ன் எட்டிக்கூடப் பார்க்காது. ஃபேட் மட்டும் மிஞ்சும். அதனால்தான் புதியவர் கையில் டெஸ்ட்ராயர் பாதி வழியிலேயே இடப்பக்கக் காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மிட்ரேஞ்ச்சை 75 மீட்டரும் ஃபேர்வே டிரைவரை 90 மீட்டரும் தொடர்ந்து நேராக எறிய முடிகிறபோது ஸ்பீட் 9, 10ஐத் தொட்டுப் பாருங்கள். 12 அதற்கும் பிறகு. மரங்கள் நெருங்கிய 80 மீட்டர் குழியில் அதற்கு வேலையே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் சரிகிறது. உடனே ‘இது எனக்கு ரொம்ப ஓவர்ஸ்டேபிள்’ என்று இன்னொன்று வாங்குகிறார்கள். பல நேரம் காரணம் டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேல்நோக்கி இருப்பதுதான். முன்விளிம்பு தூக்கியிருந்தால் எந்த டிஸ்க்கும் காற்றில் முட்டி நின்றுவிடும். புட்டரை எறிந்து பாருங்கள். அதுவும் அதே மாதிரி ஏறி நின்றால் காசு செலவழிக்க வேண்டாம், கோணத்தைச் சரிசெய்தால் போதும்.

மைதானத்தில் கழித்துக்கட்டுவது

ஏற்கெனவே பதினைந்து டிஸ்க் சேர்ந்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது இது. காற்றில்லாத காலையில் கால்பந்து மைதானத்துக்குப் போங்கள். 105 மீட்டர் மைதானம் என்றால் கோல் கோட்டிலிருந்து நடுக்கோடு 52.5 மீட்டர், எதிர்ப்பக்கப் பெனால்டி பெட்டியின் கோடு 88.5 மீட்டர். தூரம் அளக்க வேறு கருவி வேண்டாம்.

ஒவ்வொரு டிஸ்க்கையும் ஐந்து முறை, முழு பலத்தில் இல்லாமல் முக்கால் பலத்தில் எறியுங்கள். மிக நீண்டதையும் மிக மோசமானதையும் ஒதுக்கிவிட்டு மீதி மூன்றும் எங்கே விழுந்தன, எந்தப் பக்கம் முடிந்தன என்று குறியுங்கள். இரண்டு டிஸ்க் ஐந்து மீட்டர் வித்தியாசத்துக்குள், ஒரே பக்கமாக முடிந்தால் அவை ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்று வீட்டுக்கு. எதை விடுவது? ஸ்பீட் எண் அதிகமுள்ளதை. ஒரே தூரத்துக்கு மெதுவான டிஸ்க்தான் கட்டுக்குள் நிற்கும். டிரைவரும் மிட்ரேஞ்ச்சும் ஒரே கோட்டில் விழுவது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அது சாதாரணம்.

மூன்று எறியும் மூன்று திசையில் விழுந்த டிஸ்க்கையும் வைத்துவிடுங்கள். ஒருமுறை அற்புதமாகப் பறந்தது என்பதற்காக அதைச் சுமப்பதில் பயனில்லை.

எடையும் தேய்மானமும்

விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது பிடிஜிஏயின் உச்சவரம்பு. 21.2 செ.மீ. டிஸ்க் சுமார் 176 கிராமில் நின்றுவிடுவது அதனால்தான். புட்டரையும் ஓவர்ஸ்டேபிளையும் 170க்கு மேல் வாங்குங்கள், காற்று தள்ளாது. ஃபேர்வே டிரைவரில் 150 முதல் 165 வரை புதியவருக்குச் சுலபம். குறைந்த வேகத்திலேயே டர்ன் வரும். ஆனால் திறந்தவெளியில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

அடிப்படை பிளாஸ்டிக் டிஸ்க் தேயத் தேய மேலும் அண்டர்ஸ்டேபிள் ஆகும். இதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். ஒரே லெபர்டில் புதியது ஒன்று, ஒரு பருவம் தேய்ந்தது ஒன்று இருந்தால் பிடி மாறாமலே இரண்டு பாதைகள் கிடைக்கும்: நேரானது ஒன்று, வலப்பக்கம் வளைவது ஒன்று. ஆறாவது, ஏழாவது இடத்துக்குப் புதிய மாடல் தேடுவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள். விளிம்பில் வெடிப்பு விட்டதை மட்டும் தூக்கிப் போடுங்கள். வெடித்த டிஸ்க் போட்டியில் செல்லாது.

அன்றைய நாளுக்கு ஏற்ப

காற்றடித்தால் பை மாறும். எதிர்க்காற்றில் எல்லா டிஸ்க்கும் ஒரு படி அதிகமாக வலப்பக்கம் திரும்பும், பின்காற்றில் திரும்பாமலே சீக்கிரம் கீழே விழும். ஆகவே எதிர்க்காற்று நாளில் ராக்3 (5/4/0/3) போன்ற முரட்டு மிட்ரேஞ்ச் ஒன்றைச் சேருங்கள். தேய்ந்த லெபர்ட் வீட்டிலேயே இருக்கட்டும். கடலோரத் திறந்த தடத்துக்கு இது கட்டாயம். அடர்ந்த காட்டில் காற்று மரத்துச்சியோடு போய்விடும், கவலையில்லை.

ஏரி குறுக்கிடும் குழிக்கென்று பழைய, போனாலும் பரவாயில்லை என்கிற டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. பழக்கமில்லாத டிஸ்க்கை எறிந்தால் தண்ணீரில் விழும் வாய்ப்புதான் கூடும். அங்கே அதிகம் நம்புகிற மிட்ரேஞ்ச்சையே எறியுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் மிதக்கும் டிஸ்க் வாங்கலாம். இன்னோவாவின் டிராகன் (8/5/-2/2) அதற்கென்றே செய்தது. பெரும்பாலான டிஸ்க்குகள் மூழ்கிவிடும்.

பனிக்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்து, விரலில் நிற்காமல் வழுக்கும். புட்டரை மென்மையான ரகத்துக்கு மாற்றுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் தூரமும் குறையும். கைக்கு வழக்கமாக வருகிற 80 மீட்டரை எதிர்பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புதுப்பனியில் டிஸ்க் சாய்வாகச் செருகிக்கொண்டு மேலே தடமே தெரியாமல் மறையும். அடிப்பக்க நடுவில் ஒன்றரை, இரண்டு மீட்டர் மெல்லிய ரிப்பனை டேப்பால் ஒட்டிவிட்டால் அதன் வால் வெளியே தெரியும். போட்டி என்றால் அமைப்பாளரைக் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள்.

நிறத்தைச் சும்மா அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பச்சையும் பழுப்பும் கோடையில் பாசிக்குள் காணாமல் போகும். பிர்ச் இலை உதிரும் மாதங்களில் மஞ்சளைத் தேடி அரை மணி நேரம் போகும். வெள்ளை பனிக்கு ஆகாது. பளீர் இளஞ்சிவப்பு எல்லாப் பருவத்திலும் கண்ணில் படும். ஒவ்வொரு டிஸ்க்கின் அடிப்பக்கத்திலும் அழியாத பேனாவால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். போட்டியில் அடையாளக் குறி எப்படியும் கட்டாயம். எழுத்து தேய்ந்ததும் மறுபடி எழுத வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.