கிறிஸ்துமஸ் உதவியில் பங்குக்கோயில் இளையோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

24ஆம் தேதி மாலையில் போய்ச் சேரும் மளிகைப் பையால் கஷ்டப்படுகிற வீட்டில் பண்டிகை நடக்காது. குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சில நாள் முன்னதாகவே சுட்டு வைக்கும் பலகாரங்கள். பக்கத்து வீட்டுக்குத் தட்டில் கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லையே என்பதுதான் அந்தத் தாய்க்குப் பெரிய வேதனை. அதனால் சாமான் 15ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிச் சேர்க்கும் கேரல் காசுக்குக் காத்திருந்தால் நாள் தவறிவிடும். நவம்பரிலேயே நன்கொடை கேட்டுவிடுங்கள்.

இருக்கிற பணத்தையெல்லாம் அரிசி மூட்டையில் போடாதீர்கள். ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பச்சரிசி 2 கிலோ, சிறுபயறு 1 கிலோ, கருப்பட்டி 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், தேங்காய் 4, எள் 100 கிராம், கொஞ்சம் ஏலக்காய், சுக்கு கொடுத்தால் தாங்களும் சாப்பிட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். அட்டைப்பெட்டி டிசம்பர் மழையில் ஊறிக் கிழியும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். பிறகும் வீட்டுக்கு உதவும். சோப்பைத் தனியாகக் கட்டுங்கள், சேர்த்து வைத்தால் அரிசியில் வாசனை ஏறிவிடும்.

இறைச்சியைப் பையில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோவதும் கூடாது, மணிக்கணக்கில் வெளியே இருந்தால் கெட்டுவிடும். கேரல் காசை அதற்கென்று உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

உடுப்புக்கு வயதை மட்டும் கேட்டு வாங்கினால் அளவு தப்பும். ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒருவனுக்கு 28, இன்னொருவனுக்கு 32 தேவைப்படும். பழைய சட்டையின் அளவைக் கேளுங்கள். சேலையை டிசம்பர் முதல் வாரத்திலேயே, தையற்கூலியும் சேர்த்துக் கொடுங்கள். பிந்தினால் ரவிக்கை தைக்க ஆள் கிடைக்காது.

அன்பியப் பட்டியலை (பங்கிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுப் பட்டியலை) மட்டும் நம்பினால் வாடகைக்கு வந்தவர்களும், கோயிலுக்கு வராதவர்களும், பிற மதத்தவரும் விடுபடுவார்கள். மளிகைக்கடைக்காரரிடமும் சத்துணவு அக்காவிடமும் மெதுவாக விசாரியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பூசை முடிந்ததும் பெயர் வாசித்து, வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது. தன் வகுப்புத் தோழன் கையிலிருந்து எல்லார் முன்னிலும் பை வாங்கும் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு எப்படிப் போகும்? 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் வீட்டுக்கு இருவராகப் போவதே வழக்கம். நீங்களும் இருவராகவே போங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரோடு பெரியவர் ஒருவர் போகட்டும். கணக்கில் ‘குடும்பம் 1, குடும்பம் 2’ என்று மட்டும் எழுதுங்கள். பெயர்ப்பட்டியல் பங்குத்தந்தையிடம் இருந்தால் போதும்.