இருமல் நின்னுடுச்சுன்னு டிபி மாத்திரைய நிறுத்தாதீங்க, கிருமி செல்லுக்குள்ள உக்காந்திருக்கு

வியாசர்பாடில எங்க வீட்டுலயே இந்தத் தப்பு நடந்துச்சு. எங்க மாமா டிபி மாத்திரை ரெண்டு மாசம் கரெக்டா போட்டாரு, இருமல் நின்னுச்சு, வெயிட் ஏறுச்சு, காசிமேட்டுக்கு வேலைக்குத் திரும்பப் போனாரு, அப்பறம் "அதான் நல்லாயிட்டேனே, எதுக்கு வயித்தப் பொரட்டிக்கணும்"னு மாத்திரைய தூக்கி அலமாரி மேல வச்சிட்டாரு. அடுத்த மழைக்காலத்துல சளியில ரத்தம்.

அவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல, கிருமி எங்க இருக்குன்னு யாரும் அவருக்குச் சொல்லல. கிருமி ரத்தத்துல மிதக்கும், வெள்ளை அணு முழுங்கும், செத்துடும்னுதான் நிறைய பேர் நினைக்கிறோம். மத்த தப்பெல்லாம் இதுல இருந்துதான் வருது.

நுரையீரல்ல மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் இருக்கு, அது கிருமிய முழுங்கி ஒரு பைக்குள்ள போட்டு மூடும், அப்பறம் அமிலமும் செரிக்கிற என்சைமும் இருக்கிற லைசோசோம் அந்தப் பையோட வந்து சேரணும், சேந்தாதான் கிருமி சாகும். டிபி கிருமி அந்தச் சேர்க்கையையே தடுத்துடுது, இத 1971லயே ஆம்ஸ்ட்ராங்கும் ஹார்ட்டும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்து சொல்லிட்டாங்க. பை மேல பிஐ3பின்னு ஒரு கொழுப்பு இருக்கும், லைசோசோம் வந்து சேர அந்த அடையாளம் வேணும், கிருமி சாப்எம்னு ஒரு என்சைம விட்டு அதை அழிச்சிடுது. போதாததுக்கு இஎஸ்எக்ஸ்-1னு ஒரு அமைப்ப வச்சு பையவே ஓட்டை போடுது. நம்ம குழந்தைங்களுக்குப் போடுற பிசிஜி டிபி தடுப்பூசியில இருக்கிற உயிருள்ள கிருமிகிட்ட இந்த அமைப்பு வேலை செய்யாது, அது சாதுவா இருக்க முக்கிய காரணமே அதான். உள்ள உக்காந்துட்டு நம்ம செல்லோட கொலஸ்ட்ராலையே தின்னு வாழுது.

அதோட இது ரொம்ப மெதுவான கிருமி. குடல்ல வாழுற ஈ கோலிங்கற பாக்டீரியா நல்ல சூழல்ல 20 நிமிஷத்துல ரெண்டாகும், டிபி கிருமிக்கு கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும், சிலது பெருகாமலே தூங்கும். ரெண்டு மாசத்துல பெருகிட்டிருந்ததுங்க செத்து இருமல் நிக்குது, தூங்குறதுங்க அப்படியேதான் இருக்கும். அதுக்குத்தான் 2 மாசம் நாலு மருந்து, அப்பறம் 4 மாசம் மூணு மருந்து. நடுவுல விட்டா மிச்சமிருக்கிறது திரும்பக் கிளம்பும், மருந்துக்கே கேக்காத கிருமியாவும் மாறலாம்.

இன்னொரு தப்பு, எந்தக் காய்ச்சலுக்கும் மெடிக்கல்ஸ்ல ஒரு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போடுறது. சின்ன உண்ணிப்பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலோட கிருமியும் செல்லுக்குள்ள வாழுறதுதான், ஆனா அது பையில இருந்தே தப்பிச்சு வெளிய வந்து, செல்லுக்குள்ள சரக்கு தூக்கிட்டுப் போற டைனீன்ங்கற புரதத்துமேல ஏறி செல்லோட மையமான நியூக்ளியஸ் பக்கம் போய்ச் சேருது. அமாக்சிசிலின், செஃபிக்சிம் இதுக்கு கேக்காது, டாக்சிசைக்ளின் இல்லன்னா அசித்ரோமைசின் டாக்டர் எழுதணும். காய்ச்சல் விடலன்னா அக்குள், இடுப்பு மடிப்புல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

அப்பறம் தட்டு, டம்ளர தனியா வைக்கிறது. இது எனக்கு மனசு வலிக்கிற விஷயம், எங்க மாமாவுக்கும் பண்ணாங்க. டிபி காத்துல பரவுது, தட்டுல இல்ல. நம்ம மெட்ராஸ்லயே 1956ல ஆரம்பிச்ச டிபி மையம், நெருக்கடியான சின்ன வீடுகள்ல இருந்த ஏழை நோயாளிங்கள வீட்டுல வச்சே மருந்து குடுத்துப் பாத்து, சானடோரியம்னு சொல்ற டிபி ஆஸ்பத்திரியில தங்கி மருந்து எடுக்கிறவங்க அளவுக்கு கிட்டத்தட்ட குணமாகுறாங்கன்னு 1959ல உலகத்துக்கே காட்டுச்சு, வீட்டுல இருக்கிறவங்களுக்கு அதனால ஆபத்து கூடலன்னும் அவங்க ஆய்வுல தெரிஞ்சுச்சு.

மாத்திரை ஆரம்பிச்சதும் யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், அது டிபி மருந்துல ஒண்ணான ரிஃபாம்பிசினோட கலரு, ரத்தம்னு பயந்து நிறுத்திடாதீங்க. வயித்தப் பொரட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. கண்ணு மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ மட்டும் அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க.