பாய்மரப் படகில் மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வைப்பது எப்படி?

டர்பனில் பழைய பாய்மரப் படகு வாங்குபவர்களுக்கு சில சமயம் அதோடு ஒரு பம்ப் அடுப்பும் சேர்ந்து வரும். அதை உடனே கழற்றி வீசிவிட வேண்டாம். மண்ணெண்ணெய் நல்ல எரிபொருள்தான். பாரஃபின் என்று கேட்டால் இங்கே சுலபமாகக் கிடைக்கும், சூடும் நன்றாக வரும். தொல்லையெல்லாம் பற்றவைப்பதில்தான். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பித்தளை நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் குமிழைத் திறந்தால் ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீறிட்டு, மஞ்சள் தீ எழும்பிக் கூரையைக் கரியாக்கும். அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் படகு ஆடும்போது இந்தச் சடங்கை யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள்.

ஸ்பிரிட் அடுப்பு இதைவிட எளிது. ஆனால் அதே எடைக்கு கேஸ் தரும் வெப்பத்தில் முக்கால் பங்கைக்கூட அது தராது. சுகர் பீன்ஸ் கறி வேகும்வரை உட்கார்ந்திருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் துறைமுகத்துக்குள் சுற்றுபவர் என்றால் ஒரு ஃபிளாஸ்க் போதும், மேலே படிக்கவே வேண்டாம்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகோ அடியில் ஓட்டையில்லாத அண்டா. கசிந்த கேஸ் அடித்தளத்தில் போய்த் தேங்கிவிடும். அப்புறம் பம்பிலிருந்தோ ஸ்டார்ட்டரிலிருந்தோ ஒரு பொறி போதும். கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

1. சிலிண்டருக்கு இடம்

அடுப்பைத் தேடி அலைவதற்கு முன் இதை முடியுங்கள். பாதி வேலை இங்கேதான். சிலிண்டர் பெட்டி மேல்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். அறைப் பக்கமோ எஞ்சின் பக்கமோ சிறு இடுக்குகூட இருக்கக் கூடாது. அடியில் குறைந்தது 19 மி.மீ. உள்விட்டமுள்ள வடிகால் வேண்டும். அது சரிவாகவே போய், படகு சாய்ந்தாலும் நீர்மட்டத்துக்கு மேலே வெளியே திறக்க வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி கேஸை அடைத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றிப் பாருங்கள். அத்தனையும் கடலுக்குப் போக வேண்டும், உள்ளே ஒரு சொட்டுகூட வரக் கூடாது.

உட்காரும் பலகைக்குக் கீழே உள்ள அறைகளில் சிலிண்டர் அழகாகப் பொருந்தும். ஆனால் பெரும்பாலும் அவற்றின் பின்சுவர் எஞ்சின் வரை திறந்தே கிடக்கும். சின்னப் படகுக்குப் பின்புறக் கம்பியில் வெளியே மாட்டுவதுதான் என் விருப்பம். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், வண்ணம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலி சிலிண்டரையும் உள்ளே வைக்காதீர்கள்.

தினமும் ஒரு பர்னர் ஒன்றரை மணி நேரம் எரிந்தால் 5 கிலோ சிலிண்டர் மூன்று வாரத்துக்கு மேல் வரும்.

2. அடுப்பு

பழைய அடுப்பில் ஜெட்டை, அதாவது எரிபொருள் பீறிட்டு வரும் சிறு துளையை மட்டும் மாற்றும் யோசனையே வேண்டாம். படகோடு சாயாமல் ஊஞ்சல்போல் ஆடுகிற, தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்துகிற கடல் அடுப்பு வாங்குங்கள். வீட்டு அடுப்பு சரிப்படாது. அடுப்பின் தகட்டில் உள்ள அழுத்தத்தைப் பாருங்கள். இங்கே வீட்டு ரெகுலேட்டர் 2.8 கிலோபாஸ்கல் தரும். ஐரோப்பிய அடுப்புகளில் 30 மில்லிபார், அதாவது 3 கிலோபாஸ்கல் என்று இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று நிறுவுபவரிடம் கேளுங்கள்.

3. குழாய்

தென்னாப்பிரிக்காவில் இதைப் பதிவு பெற்ற எரிவாயு நிறுவுநர்தான் செய்து சான்றிதழ் தர வேண்டும். காப்பீட்டுக்காரர் அதைக் கேட்பார். போனிலேயே "இது படகு" என்று சொல்லிவிடுங்கள். வீடுகளுக்கு மட்டும் போய்ப் பழகியவர் என்றால் வேறு ஆளைத் தேடலாம். பெட்டி செய்வது, பழைய அடுப்பைக் கழற்றுவது, 12 வோல்ட் ஒயர் இழுப்பது இவை உங்கள் வேலை.

அவர் முடித்ததும் இந்த வரிசையைப் பாருங்கள்: சிலிண்டர், அழுத்தமானி, ரெகுலேட்டர், மின்வால்வு (சுவிட்சைத் தட்டி கேஸைத் திறந்து மூடுவது). இவை எல்லாம் பெட்டிக்குள்ளேயே. அங்கிருந்து அடுப்பு வரை நடுவில் இணைப்பே இல்லாத ஒரே குழாய், அடுப்பருகே மட்டும் வளையும் ஹோஸ். மின்வால்வின் சுவிட்ச் தீக்கு மேலே கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4. கசிவுச் சோதனை

பர்னர்களை மூடி, சிலிண்டரையும் மின்வால்வையும் திறங்கள். அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு சிலிண்டரை மட்டும் மூடுங்கள். மூன்று நிமிடம் என்பது குறைந்தபட்சம். கால் மணி நேரம் விடுவது நல்லது. முள் இறங்கினால் கசிவு. இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள், குமிழி வரும் இடம் தெரியும். அம்மோனியா கலந்த கழுவும் திரவம் வேண்டாம், பித்தளையில் விரிசல் விழும். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கவே கூடாது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை உண்டு.

கேஸ் அலாரத்தின் உணரி தாழ்வாக, அடித்தளத்தின் அருகே இருக்க வேண்டும்.

5. அன்றாடம்

சமைக்கும்போது மேல்கதவு திறந்திருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முடித்ததும் முதலில் மின்வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு குமிழைத் திருப்புங்கள். படகைவிட்டு இறங்குமுன் சிலிண்டரையும் மூடுங்கள்.

பழைய தொட்டியில் மிஞ்சிய மண்ணெண்ணெயைத் துறைமுக நீரில் கொட்ட வேண்டாம். கேனில் பிடித்து, பக்கத்துப் படகில் இன்னும் பம்ப் அடுப்பு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்.