நிலக்கரிச் சுரங்கமும் நிலத்தடி நீரும்: எங்கே தவறுகிறார்கள்?

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில், முன்பு நிலக்கரி எடுத்துவிட்டுக் கைவிட்ட பழைய வெட்டுகளில் தேங்கிக் கிடந்த தண்ணீர் ஆட்கள் வேலை செய்த இடத்துக்குள் பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சுரங்க நீரைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட்டு என்னால் தொடங்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பழைய வரைபடத்தை அப்படியே நம்புவது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவீக்ரீக் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த சாக்ஸ்மன் சுரங்கத்தை வெட்டி உடைத்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த வரைபடத்தில் அங்கே கடைசியாக வெட்டிய பகுதிகள் இல்லை. சிக்கிய 9 பேரும் 77 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டது பெரும் பேறு.

இந்திய விதிமுறைப்படி, தண்ணீர் இல்லை என்று பார்த்து உறுதிசெய்யாத பழைய வெட்டுக்கு 60 மீட்டருக்குள் போக எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த 60 மீட்டரைத் தாளில் மட்டும் அளந்தால் என்ன பயன்? வரைபடம் தவறாக இருந்தால் தூரமும் தவறுதான். அதனால்தான் வெட்டும் முனைக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே முன்னேற வேண்டும் என்கிறார்கள். துளை போடும்போதும் கவனம் தேவை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். 60 மீட்டர் உயரம் என்றால் 6 கிலோ. துளையின் வாய்ப்பகுதியில் குழாயும் வால்வும் பொருத்தாமல் துளை போட்டால், அந்தத் துளை வழியாகவே ஆபத்து வந்து சேரும்.

மேலே ஓடும் ஆற்றை மறப்பது அடுத்த தவறு. 1995 செப்டம்பரில் கத்ரி ஆற்று வெள்ளம் அதே தன்பாத் பகுதியின் காஸ்லிடாண்ட் சுரங்கத்துக்குள் புகுந்து 64 பேர் உயிரிழந்தனர்.

சரி, அன்றாடக் கண்காணிப்புக்கு வருவோம். சுரங்கம் தோண்டிய பிறகு சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கத் தொடங்குவது வீண்வேலை. ஊர்க்கிணறு வற்றியது சுரங்கத்தாலா, மழை பொய்த்ததாலா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, முந்தைய வருடங்களின் அளவு வேண்டும். கோடையிலும் மழைக்குப் பிறகும் எடுத்தது வேண்டும். பக்கத்திலேயே மழைமானியும் இருக்க வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் மட்டம் பார்த்து எழுதுவதும் தவறு. நிறுத்தி, மட்டம் ஏறி நின்ற பிறகே அளக்க வேண்டும். நிலத்தடி நீர் தங்கும் பாறை அடுக்குகள் பலவற்றையும் ஒரே துளையில் திறந்துவிட்டால், எந்த அடுக்கு வடிகிறது என்றே தெரியாது. அடுக்குக்கு ஒன்றாகத் தனித்தனி பீசோமீட்டர், அதாவது நீர் அழுத்தத்தை அளக்கும் குழாய், வைப்பது செலவுதான், ஆனாலும் வேறு வழியில்லை.

உள்ளிருந்து பம்ப் செய்யும் தண்ணீரின் அளவைத் தினமும் குறித்தால் மட்டும் போதாது, அதை யாராவது வாசிக்க வேண்டும். மழை இல்லாத வாரத்தில் அளவு திடீரென்று கூடினாலோ, நிலக்கரிச் சுவர் ஈரமாகக் கசிந்தாலோ, தேங்கிய பழைய நீரின் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை உடனே வெளியே அனுப்ப வேண்டும்.

அப்புறம், சுரங்கத்தை மூடியதும் அளப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பம்ப் நின்றதும் தண்ணீர் மெல்ல ஏறும், அதற்கு வருடக்கணக்காகும். காற்றுப்பட்ட பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் கலந்த கனிமத்தைக் கரைத்துக்கொண்டு, புளிப்பாக, துருநிறமாக ஓடையில் வெளிப்படும்போது, கேட்க அங்கே அலுவலகமும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்கள்.